மறு: யூட்ரோபிகேஷன் – குளமே இல்லாத இடத்துக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

நிலத்திலோ நீரிலோ ஊட்டச்சத்து அளவுக்கு மீறி ஏறுவதைக் குறிக்கும் ‘யூட்ரோபிகேஷன்’ (eutrophication) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. கேள்வி கேட்ட அம்மையாரோ மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குகிறது என்கிறார். ஆகவே வந்த கருத்துகளில் சிலவற்றுக்கு மட்டும் பதில் சொல்லி, என் பரிந்துரையையும் வைத்துவிடுகிறேன்.

> ‘பாசிப்பெருக்கம்’ என்று போட்டுவிடுங்கள். பள்ளி மாணவருக்கும் விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் தவறாக விளங்கும். அம்மையார் மொழிபெயர்ப்பது ஏரியைப் பற்றிய கட்டுரை அன்று, பாலைவனத்துக் குப்பைக் கிடங்குத் திட்டம் ஒன்றையும் அதன்மேல் நடந்த வழக்கையும் பற்றியது. கலிபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்தில் ஈகிள் மவுண்டன் என்ற இடத்தில் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. கைசர் ஸ்டீல் நிறுவனம் 1948 முதல் 1980களின் தொடக்கம் வரை அங்கே தாது வெட்டியது. அந்தப் பள்ளங்களில் தென் கலிபோர்னிய நகரங்களின் குப்பையை ரயிலில் கொண்டுவந்து கொட்டலாம் என்பது பின்னால் வந்த திட்டம். நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,000 டன் வீதம் 117 ஆண்டுகள் கொட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா அந்த இடத்தை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. ஆண்டுக்குச் சில அங்குலம் மழை பெய்தாலே பெரிது. அங்கே பாசிக்கு எங்கே போவது?

> அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு ‘சுற்றுச்சூழல் பாதிப்பு’ என்று பொதுவாக எழுதினால் போதாதா?

போதாது. வழக்கின் ஒரு கால் அந்தச் சொல்லில்தான் நின்றது. சுரங்கத்தைச் சுற்றியிருந்த அரசு நிலத்தை அமெரிக்க நில மேலாண்மைப் பணியகம் கைசருக்கு மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை குறையுடையது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். திட்டத்தின் நோக்கத்தை நிறுவனத்தின் தேவைக்கேற்பக் குறுக்கி எழுதியதால் மாற்று வழிகளைப் பரிசீலிக்கவே இடமில்லாமல் போயிற்று என்பது ஒரு குறை. நிலத்தை விலை மதித்தவர்கள் குப்பைக் கிடங்காக அது பெறும் மதிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது இன்னொன்று. மற்றொன்றுதான் நம் சொல். ஊட்டம் குறைந்த பாலைநிலத்தில் குப்பையால் ஊட்டம் ஏறினால் என்ன ஆகும் என்பதை அறிக்கை ஓரிடத்தில் வைத்து ஆராயவில்லை. தொடர்பில்லாத பகுதிகளில் சிதறிக் கிடந்த வரிகளைப் படிப்பவரே தேடிக் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பிலும் ஒரு பக்கத்தில் ‘வளம்’, இன்னொரு பக்கத்தில் ‘பாசி’, மூன்றாவதில் ‘பாதிப்பு’ என்று எழுதினால், நீதிமன்றம் எதைக் கண்டித்ததோ அதையே நாமும் செய்தவர்களாவோம்.

> பாலைவனத்துக்கு உரம் கிடைத்தால் நல்லதுதானே? ‘வளமூட்டல்’ என்பதில் என்ன குறை?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த நிலத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். கிரியோசோட் புதர் ஒன்று, பிறகு நான்கு எட்டுக்கு வெறும் மணலும் சரளையும், பிறகு இன்னொரு புதர். அந்த வெற்றிடம்தான் காவல். ஒரு புதரில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவ வழியில்லை. அங்கே தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தாவர வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருப்பது மண்ணில் நைட்ரஜன் குறைவாக இருப்பது. புழுதியோடும் பறவை எச்சத்தோடும் காற்றில் பறக்கும் குப்பையோடும் நைட்ரஜன் வந்து சேர்ந்தால் முதலில் பிழைத்துக்கொள்வது அந்த மண்ணின் செடியன்று. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வந்து பரவிய ரெட் புரோம், ஸ்கிஸ்மஸ் போன்ற ஓராண்டுப் புற்கள். குளிர்கால மழையில் முளைத்து வெற்றிடத்தை நிரப்பிவிட்டுக் கோடைக்குள் காய்ந்து சருகாகின்றன. அதன்பின் ஒரு மின்னல் போதும். 1999இல் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் ஏறக்குறைய 14,000 ஏக்கர் எரிந்தது. தீயைப் பழக்கப்படுத்திக்கொள்ளாத நிலம் அது. எரிந்த ஜோஷுவா மரங்கள் பெரும்பாலும் மீள்வதில்லை.

ஆமையின் பாடு தனி. அமெரிக்க நடுவண் அரசு மொஹாவி பாலைவனப் பகுதியின் பாலை ஆமையை 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. குஞ்சின் ஓடு இறுகுவதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு ஆகும். குப்பையும் குழாய்த் தண்ணீரும் கிடைக்கும் இடத்தில் ரேவன் என்ற பெருங்காக்கை பெருகும். அது ஆமைக் குஞ்சைக் கொத்தித் தின்னும். அதன் கூட்டுக்கு அடியில் ஓட்டைவிழுந்த சின்னஞ்சிறு ஓடுகள் குவிந்து கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது ‘வளமூட்டல்’ என்று எழுதிப் பாருங்கள். வளம், செழுமை, கொழுமை, பசுமை எல்லாம் நமக்கு வாழ்த்துச் சொற்கள். ‘குப்பைக் கிடங்கு பாலைவனத்தை வளமூட்டும்’ என்று படிக்கிற தமிழர் அடுத்த வரியில் கைதட்டுவார். ‘உரமேற்றம்’ அதைவிட மோசம். உரமேறிய நெஞ்சு, உரமேறிய உடல் என்று வலிமையின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

> ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே நீர்நிலைகளுக்கு உரியதுதானே? பாலைவனத்துக்கு அதைப் பயன்படுத்தியதே இரவல்.

இல்லை ஐயா, இரவல் எதிர்த்திசையில் நடந்தது. வெபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1907இல் கரிச்சதுப்பு நிலங்களின் ஊட்ட நிலையைப் பிரித்துச் சொல்லத்தான் இந்த வகைப்பாட்டைக் கொண்டுவந்தார். சுவீடனைச் சேர்ந்த நௌமன் 1919இல்தான் அதை ஏரிகளுக்குக் கொண்டுபோனார். ஆகவே தமிழ்ச் சொல்லில் நீரைக் கட்டிவைக்கத் தேவையில்லை.

என் பரிந்துரை ‘மிகையூட்டம்’. புதிதாகத் தோண்டியெடுத்ததன்று, இங்கேயே சிலர் நீர்நிலைக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ‘மிகை’ என்பதில் குறைகூறும் தொனி இருக்கிறது. நம் இலக்கணத்தில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. அத்துடன் மிகை என்பது இடத்தைப் பொறுத்தது. நெல்வயல் பொருட்படுத்தாத அளவு நைட்ரஜன் அந்தச் சரளை மண்ணுக்கு மிகை.

வினை வேண்டுமே என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். ‘மிகையூட்டம் பெறுகிறது’ என்றால் பரிசு பெற்ற மாதிரி ஒலிக்கிறது. ‘ஏறுகிறது’ என்று எழுதலாம். நிலத்தில் உப்பு ஏறிவிட்டது என்று உழவர் சொல்வதில் உள்ள அதே ஏற்றம். எதிர்ச்சொல்லுக்கு ‘குறையூட்டம்’ வேண்டாம்; இயல்பாக அப்படி இருக்கும் மண்ணில் நாம் குறை காண்கிற மாதிரி ஆகிவிடும். ‘சிற்றூட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்தில் குழந்தைகளுக்கு ‘மிகையூட்டம்’ சொல்கிறார்களே என்ற ஐயத்துக்கு ‘நில மிகையூட்டம்’ என்று முன்னொட்டு சேர்த்தால் தீர்ந்தது.

குப்பை கொட்டும் இடத்தைக் குறிக்கும் ‘லேண்ட்ஃபில்’ (landfill) என்பதற்கு ‘நிலநிரப்பல்’ வேண்டவே வேண்டாம். அடியில் நீர்புகாத் தளம் விரித்த குப்பைக் கிடங்கு என்று முதல் முறை விரித்து எழுதிவிட்டுப் பிறகு ‘கிடங்கு’ என்றால் யாருக்கும் குழப்பம் வராது. ‘பாலைத்திணை’யும் இங்கே பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தது நம் பாலை. கலிபோர்னியப் பாலைவனமோ எப்போதுமே வறண்ட நிலம்.

அம்மா, பின்குறிப்பில் ஒன்று சேர்த்துவிடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கழிவகற்று அமைப்பு 2013இல் ஈகிள் மவுண்டனை வாங்கும் முயற்சியைக் கைவிட்டது. இல்லாவிட்டால் கிடங்கு இன்று இயங்குவதாக வாசகர் நினைத்துக்கொள்வார். ‘சிற்றூட்டப் பாலைநிலத்தில் மிகையூட்டம் ஏறினால் அயற்புல் பரவும்’ – இந்த வாக்கியத்தில் தங்கள் சொல்லைப் பொருத்திப் பார்த்துவிட்டு மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.