மேலே போகும் பந்தும் 'தானே விழும் பொருளா'? ஃப்ரீ ஃபாலுக்கு ஒரு சொல்

வணக்கம்.

இயற்பியலில் வரும் ப்ரொஜெக்டைல் (எறியப்பட்ட பொருள்), ஃப்ரீ ஃபால் இரண்டுக்கும் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது. முதலாவதற்கு எறிபொருள், எறியம் இரண்டில் எது என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. முன்னது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ளது, பின்னது இலங்கையில் புழங்குவது. இரண்டும் கேட்டவுடனே விளங்குகின்றன. எறியம் அளவில் சிறியது, கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கும். எதை வைத்தாலும் சரிதான்.

என் கவலையெல்லாம் ஃப்ரீ ஃபால் பற்றியது, அதாவது ஈர்ப்பு விசை மட்டுமே செயல்படும்போது ஒரு பொருள் இயங்குவது பற்றியது. தானே விழும் பொருள், தடையின்றி விழும் பொருள், கட்டற்ற வீழ்ச்சி என்று பலவிதமாக எழுதுகிறோம். எல்லாவற்றிலும் விழுதல் உட்கார்ந்திருக்கிறது.

வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிவோம். காற்றுத் தடையை விட்டுவிடலாம். 1 வினாடி கழித்து வேகம் 9.8. 2 வினாடி முடிவில் சுழி, பந்து 19.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த 2 வினாடியில் புறப்பட்ட அதே வேகத்தோடு கைக்குத் திரும்புகிறது. இந்த 4 வினாடியும் முடுக்கம், அதாவது வினாடிதோறும் வேகம் மாறும் அளவு, ஒன்றேதான்: கீழ்நோக்கி 9.8. ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான். ஈர்ப்பைத் தவிர வேறு விசை எதுவும் பந்தின் மேல் இல்லை என்பதால் 4 வினாடியும் ஃப்ரீ ஃபால். ஆனால் 'தானே விழும்' என்று படித்த மாணவர் முதல் 2 வினாடியை எப்படி அதில் சேர்ப்பார்? உச்சியில் வேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழி என்று விடைத்தாளில் எழுதுவது எங்கும் காணும் பிழை. பழியைச் சொல்லின் மேலேயே போடவில்லை. ஆனால் அந்தச் சொல் பிழைக்குத் துணை போகிறது.

மறுபக்கமும் உண்டு. விமானத்திலிருந்து குதித்தவர் பாராசூட்டை விரிக்கும் முன்பே, வினாடிக்குச் சுமார் 55 மீட்டரில், அதற்கு மேல் கூடாத முற்றுத் திசைவேகத்தை எட்டிவிடுகிறார். காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிட்டது, முடுக்கம் சுழி. அவர் விழுகிறார், ஐயமே இல்லை. ஆனால் அது ஃப்ரீ ஃபால் அல்ல. ஆக, விழாமலும் ஃப்ரீ ஃபால் உண்டு. விழுந்தும் அது இல்லாமல் போகலாம்.

ஃப்ரீ ஃபாலுக்குத் 'தனியீர்ப்பு இயக்கம்' என்று வைக்கலாம் என்ற யோசனை முதலில் எனக்கும் பிடித்தது. ஈர்ப்பு மட்டும் என்ற பொருள் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தனி ஊசல், தனிச்சீரிசை இயக்கம், தனி வெப்பநிலை என்று 'தனி' ஏற்கெனவே வெவ்வேறு பொருளில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னொரு சுமையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான் முன்வைப்பது: ஈர்ப்புவய இயக்கம்.

உணர்ச்சிவயப்படுதல் என்று நாள்தோறும் சொல்கிறோம். வேறு எதற்கும் கட்டுப்படாமல் ஒன்றின் பிடிக்குள் போவது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொல் கிடைப்பது. 'கையை விட்டதும் பந்து ஈர்ப்புவயப்படுகிறது' என்று எழுதலாம். எறிபொருளுக்கும் இதே வாக்கியம் பொருந்தும். கிடைத்தளத்தில் சீரான வேகம், செங்குத்தாகச் சீரான முடுக்கம், இரண்டும் சேர்ந்தால் பரவளையம் என்ற வளைந்த பாதை என்று 1638-இல் வெளியான நூலில் கலிலியோ காட்டினார். சாய்வாகப் போகும் பந்தும் நேராக விழும் பந்தும் ஒரே இயக்கத்தின் இரு வகைகள் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

விண்வெளி நிலையத்துக்கும் இது கைகொடுக்கும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் இன்னும் ஏறக்குறைய 8.7 இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இல்லை என்பது தவறு. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே ஈர்ப்புவயப்பட்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். 'கட்டற்ற வீழ்ச்சி' என்றால், ஏன் கீழே வந்து விழவில்லை என்று கேட்கும் மாணவருக்கு முதலில் சொல்லை விளக்கவே நேரம் போகும்.

குறையும் தெரிகிறது. 'மட்டும்' என்பது இதில் வெளிப்படையாக இல்லை. மேசை மேல் இருக்கும் புத்தகத்தையும் ஈர்ப்பு இழுக்கிறதே, அது ஈர்ப்புவயப்பட்டதா என்று கேட்கலாம். இல்லை, மேசை தாங்குகிறது. அதனால் வரையறையில் இதைத் தெளிவாக எழுதியாக வேண்டும்: 'ஈர்ப்பு விசை ஒன்று மட்டுமே செயல்படும்போது ஒரு பொருளின் இயக்கம் ஈர்ப்புவய இயக்கம். பொருள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இதற்குப் பொருட்டல்ல.'

அப்புறம், நிலையிலிருந்து கீழே விடும் கணக்குகளுக்கு 'தானே விழும் பொருள்' அப்படியே இருக்கட்டும். அந்த இடத்தில் அது சரியான பெயர்.