படமெடுக்கும் கருவியிலேயே ஐபீஸா, தனியாக ஒரு டாப்சோனியனா?

ஜவ்வாது_வானம்:
வானத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த பலர் இப்போது மறுபடி கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் முக்கால்வாசிப் பேர் கேமராவைக் கழற்றிவிட்டு, அதே 80 மி.மீ. எஃப்/6 (குவியத் தூரம் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு) ரெஃப்ராக்டரில் (லென்ஸ் தொலைநோக்கி) ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மாட்டிப் பார்க்கிறார்கள். ஆண்ட்ரோமெடா ஒரு சாம்பல் திட்டு, இன்னொரு கேலக்ஸியான எம்51 இரண்டு மங்கல் பொட்டு. பத்தே நிமிடத்தில் சலித்துக் கேமராவுக்குப் போய்விடுகிறார்கள்.

கேமராவுக்கு நேரம் இருக்கிறது, 80 மி.மீ. லென்ஸும் மூன்று மணி நேரத்தில் வேண்டிய ஒளியைச் சேர்த்துவிடும். கண் ஒளியைச் சேர்த்துவைப்பது நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். அதனால் இங்கே விட்டம் முக்கியம். எப்படி முக்கியம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தொலைநோக்கியும் நெபுலாவின் பரப்பு வெளிச்சத்தைக் கூட்டாது. எக்ஸிட் பியூப்பில் (ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம்) ஒன்றாக இருந்தால் 80-லும் 200-லும் பரப்பு வெளிச்சம் ஒன்றே. ஆனால் 4 மி.மீ. எக்ஸிட் பியூப்பிலில் 80 மி.மீ. கொடுப்பது 20 மடங்கு, 200 மி.மீ. கொடுப்பது 50 மடங்கு. அதே வெளிச்சத்தில் இரண்டரை மடங்கு பெரிய உருவம். மங்கலான பொருள் பெரிதாக விழுந்தால்தான் விழித்திரையின் ராடு செல்கள் (மங்கல் ஒளியை உணர்பவை) அதைப் பிடிக்கும்.

என் கட்சி இதுதான்: 8 அங்குல (200 மி.மீ.) எஃப்/6 டாப்சோனியன் (தரையில் வைத்துக் கையால் நகர்த்தும் குழியாடித் தொலைநோக்கி) தனியாக வாங்குங்கள். படக்கருவி அதன் வேலையைப் பார்க்கட்டும்.

அகத்தியன்:
//எம்51 இரண்டு மங்கல் பொட்டு//

சார், 80 மி.மீ.க்கு எம்51-ஐக் காட்டிவிட்டு அது தேறவில்லை என்பது நியாயமில்லை. நாம் இருப்பது வடக்கே 8 முதல் 13 பாகைக்குள். நம் வானத்தில் பெரிய, பிரகாசமான பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. கரினா நெபுலா, எம்7 நட்சத்திரக் கூட்டம், கார்த்திகைக் கூட்டம், தனுசுவில் எம்8, எம்20 நெபுலாக்கள் ஒரே காட்சியில். இவற்றுக்கு வேண்டியது அகலமான பார்வைப்புலம். 80 மி.மீ. எஃப்/6-இல் 68 பாகை கொண்ட 24 மி.மீ. ஐபீஸ் போட்டால் 20 மடங்கு, 3 பாகைக்கு மேல் புலம். உங்கள் 8 அங்குலத்தில் 1¼ அங்குல ஐபீஸால் கிடைக்கும் அதிகபட்சம் 1.3 பாகை. கார்த்திகை அதில் அடங்காது. 2 அங்குல ஐபீஸ் வாங்கினால்தான் 2 பாகையைத் தாண்டும்.

முதல் இரவில் பலர் சலிப்பதற்கு விட்டத்தைவிட மாட்டும் முறைதான் காரணம்:

ஃபிளாட்னரை (படத்தின் ஓரத்தைச் சீராக்கும் லென்ஸ்) கழற்றாமல் டயகனல் (பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) மாட்டுவது. ஃபிளாட்னர் 55 மி.மீ. பின்தூரத்துக்கு (அதிலிருந்து கேமரா சென்சார் வரை) செய்தது. 2 அங்குல டயகனலின் ஒளிப்பாதை மட்டுமே சுமார் 100 மி.மீ. ஃபோகஸ் வராது, வந்தாலும் ஓரம் கெட்டிருக்கும்.

டயகனலே இல்லாமல் நேராக ஐபீஸ் போடுவது. இப்போது ஃபோகஸரை எவ்வளவு வெளியே இழுத்தாலும் போதாமல் போகும். தலைக்கு மேலே பார்க்கக் கழுத்தும் முறியும்.

ஆட்டோஃபோகஸ் மோட்டார் பூட்டியிருக்கும்போதே நாபைக் கையால் திருகுவது. பலவந்தப்படுத்தினால் கியர் போகும். மோட்டாரின் பொசிஷன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆலன் சாவியால் கப்ளிங்கைத் தளர்த்துங்கள். திரும்பப் படமெடுக்கும்போது அந்த எண் உதவும்.

கடைசியாக, பேலன்ஸ். குளிர்விக்கும் கேமரா, ஃபில்டர் வீல் எல்லாம் போனதும் பின்பக்கம் லேசாகிவிடும். டியூபைப் பின்னால் நகர்த்திச் சரிசெய்யாவிட்டால் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) முனகும்.

ஜவ்வாது_வானம்:
மாட்டும் முறை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மவுண்ட்டை விட்டுவிட்டீர்கள். துருவ நட்சத்திரம் திருச்சியில் சுமார் 11 பாகை உயரத்தில்தான். பாதி இடங்களில் தென்னைமரத்துக்குப் பின்னால்தான். அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்குவட்டோரியல் மவுண்ட்டை அவ்வளவு தாழ்த்தினால் சில மாடல்களில் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். அலைன்மென்ட் முடிவதற்குள் பார்க்கிற ஆசையே போய்விடும். டாப்சோனியனைத் தரையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம்.

கரினாவைப் பற்றியும் ஒன்று. திருச்சியிலிருந்து அது உச்சத்திலேயே சுமார் 19 பாகைதான். ஏப்ரல் மாதப் புழுதி மூட்டத்தில் அதன் பாதி காணாமல் போகும்.

அகத்தியன்:
ஈக்குவட்டோரியல் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். அதே 80 மி.மீ.யைக் கையால் மேல்-கீழ், இட-வலமாக நகர்த்தும் ஆல்ட்-அசிமத் தலையில் வையுங்கள், அவ்வளவுதான். முக்காலியோடு பைக்கில் கட்டி எடுத்துப்போகலாம். 8 அங்குலம் டியூபும் அடிப்பலகையும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல், டியூப் 1.2 மீட்டர் நீளம். கார் இல்லாதவர் அதை மாடியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், மாடியில் தெருவிளக்கு. இருட்டான இடத்துக்குப் போன 80 மி.மீ., ஊருக்குள் நிற்கும் 200 மி.மீ.யை நெபுலா விஷயத்தில் தோற்கடிக்கும். கரினாவின் புழுதிக்கும் பதில் இருக்கிறது: மார்ச்சில் நள்ளிரவுக்குப் பார்க்க வேண்டும், ஏப்ரல் மாலையில் அல்ல.

நகரவாசி:
இரண்டு பேரும் எல்லோருக்கும் இருட்டான ஊர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வானத்தின் இருட்டைக் குறிக்கும் போர்ட்டில் அளவில் (1 மிக இருட்டு, 9 மிக வெளிச்சம்) சென்னை வானம் 8, 9. இங்கே 8 அங்குலத்திலும் எம்51-இன் சுருள் கை தெரியாது. ஆனால் 10 நொடி ஃபிரேம்களை உடனுக்குடன் அடுக்கும் கேமரா ஐந்தே நிமிடத்தில் திரையில் காட்டிவிடும். 50 மி.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இதைத்தான் செய்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையில் நின்றால் ஐபீஸில் தலைக்கு அரை நிமிடம். கண் இருட்டுக்குப் பழகவும் வழியில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரால் ஐபீஸை எட்டவே முடியாது. நகரத்தில் கண்பார்வை என்று அடம்பிடிப்பதில் என்ன லாபம்?

அருந்ததி:
பிள்ளைகளுக்கும், ஐபீஸை எட்ட முடியாதவர்களுக்கும் திரை நல்லதுதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது படமெடுப்பின் இன்னொரு வகை. ஐபீஸுக்குத் திரும்ப நினைப்பவருக்கு அதையே கையில் கொடுத்தால் அவர் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார்.

நகரத்தில் என்ன லாபம் என்றால்: இரட்டை நட்சத்திரங்கள், நிலா, கிரகங்கள். இவற்றை ஒளிமாசு அதிகம் தொடாது. அல்பிரியோவின் மஞ்சளும் நீலமும் 34 விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) இடைவெளியில், காஸ்டரின் இரண்டும் ஐந்தரை விகலையில். 80 மி.மீ.யால் பிரிக்கக்கூடியது சுமார் 1.45 விகலை, 200-ஆல் 0.58, காற்று அமைதியாக இருக்க வேண்டும். இந்த நிறங்கள் கண்ணுக்கு நேரடியாகத் தெரிபவை, செறிவூட்டியவை அல்ல.

கருவியைவிட முதலில் கண்ணைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். படமெடுப்பவர் இரவெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பழகியவர். கண் பாப்பா விரிய ஓரிரு நிமிடம் போதும். ராடு செல்களில் ரொடாப்சின் என்ற ஒளி உணர் நிறமி சேர 30 நிமிடமாவது வேண்டும். ஒரு தடவை வெள்ளைத் திரையைப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. மென்பொருளின் சிவப்பு இரவு மோட் போதாது, எல்சிடியின் பின்வெளிச்சம் கசியும். திரைக்கு மேல் சிவப்பு அக்ரிலிக் தகடு வைத்து, வெளிச்சத்தைக் கடைசிவரை குறையுங்கள். ஒரு பக்கம் படம் ஓட, மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கும் கண்ணுக்கு ஒரு பட்டி கட்டுங்கள். திரைக்கு மற்றக் கண். பகலில் கத்திரி வெயிலில் வெறும் கண்ணோடு மூன்று மணி நேரம் சுற்றினால் அன்றிரவு கண்ணின் கூர்மை குறையும். கூலிங் கிளாஸ் இதற்காகவே போடலாம்.

அடுத்தது ஓரப்பார்வை. பொருளை நேராகப் பார்த்தால் விழித்திரையின் மையத்தில் விழும். அங்கே ராடுகள் இல்லை. பார்வையைச் சற்று விலக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது முக்கியம்: வலது கண்ணால் பார்த்தால் வலப்பக்கம், இடது கண்ணால் பார்த்தால் இடப்பக்கம் விலக்குங்கள். பொருள் மூக்குப் பக்கம் வர வேண்டும். மாற்றி விலக்கினால் அது குருட்டுப் புள்ளியில் விழுந்து மறைந்துவிடலாம். தலைக்கு மேல் கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். டியூபை விரலால் மெல்லத் தட்டினால் அசைவில் மங்கல் பொருள் பளிச்சென்று பிடிபடும். ஒரே பொருளில் 15, 20 நிமிடம் இருங்கள். முதல் பார்வையில் வெறும் திட்டாக இருந்த ஒமேகா சென்டாரி 80 மி.மீ.யிலேயே 60, 70 மடங்கில் விளிம்பில் மணல் மணலாகப் பிரிய ஆரம்பிக்கும். ஆனால் மையம்வரை நட்சத்திரங்களாகப் பிரிவது 200 மி.மீ.யில்தான். ஜவ்வாது சொல்வது அங்கே செல்லும்.

நகரவாசி:
இரட்டை நட்சத்திரம் வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்து யாருக்கும் பயன்படுகிற தரவு எதுவும் இன்று வராது. கேமரா அளப்பதன் துல்லியத்துக்குப் பக்கத்தில்கூடக் கண் வராது.

அருந்ததி:
துல்லியத்தில் கேமராதான். கண்ணின் மதிப்பீடு 0.1, 0.2 மேக்னிட்யூட் (நட்சத்திரப் பிரகாசத்தின் அளவு) வரை தவறும். ஆனால் மிரா வகை மாறுநட்சத்திரங்கள் பல மேக்னிட்யூட் ஏறி இறங்குபவை. அவற்றில் அந்தப் பிழை ஒரு தடையல்ல. 1911-இல் தொடங்கிய ஆவ்ஸோ என்ற மாறுநட்சத்திர நோக்கர் சங்கம் கண்மதிப்பீடுகளை இன்றும் பெறுகிறது. ஒரு நூற்றாண்டு நீளமான ஒளிவரைபடம் அறுபடாமல் தொடர்வதற்குப் பழைய முறையில் எடுத்த மதிப்பீடுகளும் தேவை.

நம் நாட்டில் இதற்குப் பெரிய மரபே உண்டு. சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். வங்காளத்தின் ராதா கோபிந்த சந்திரா ஆவ்ஸோவுக்கு அனுப்பிய கண்மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல். சங்கம் அவருக்கு அனுப்பிய 6 அங்குல ரெஃப்ராக்டர் பின்னர் வானியலாளர் வேணு பாப்புவிடம் போய், காவலூர் வானாய்வகம் வந்து சேர்ந்தது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஆர் லியோனிஸ் நல்லது. மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், சுமார் 310 நாள் சுற்றில் 4.4-க்கும் 11.3-க்கும் இடையில் ஆடும். ஒப்பீட்டு நட்சத்திரங்களின் அளவு குறித்த வரைபடத்தை ஆவ்ஸோ தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அது சிவப்பு நட்சத்திரம். உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோல் தோன்றும். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, சட்டென்று மாறி மாறிப் பார்த்து மதிப்பிடுங்கள்.

கேட்டை:
இரண்டு சந்தேகம். படத்துக்கு வாங்கிய டூயல்-பேண்ட் ஃபில்டரும் (ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) 3 நானோமீட்டர் ஓ-3 ஃபில்டரும் (ஆக்ஸிஜன் ஒளிக்கு மட்டும்) இருக்கின்றன, ஐபீஸில் போடலாமா? 200/800 (விட்டம் 200, குவியத் தூரம் 800 மி.மீ.) இமேஜிங் நியூட்டோனியன் (படமெடுப்பதற்கான குழியாடித் தொலைநோக்கி) ஏற்கெனவே இருப்பவர் டாப்சோனியன் வாங்கத்தான் வேண்டுமா?

அகத்தியன்:
ஃபில்டருக்கு நான் சொல்கிறேன். டூயல்-பேண்டில் பாதி வீண். ஹைட்ரஜன் ஆல்பா 656 நானோமீட்டர். இருட்டில் கண்ணின் உச்ச உணர்திறன் 507-இல். ஆல்பா கண்ணுக்கு ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். 3 நானோமீட்டர் ஓ-3 வேலை செய்யும், ஆனால் 500.7 என்ற ஒளிக்கோட்டை மட்டும் உள்ளே விட்டு 495.9-ஐ வெட்டிவிடும். அந்த ஜோடியின் ஒளியில் கால் பங்கு போய்விடும். நட்சத்திரங்களும் அணைந்துபோய், ஃபோகஸ் பண்ணவே ஒன்றும் மிஞ்சாது. கண்ணுக்கென்று செய்த ஓ-3 இரண்டு கோட்டையும் விடும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் யுஎச்சி என்ற நெபுலா ஃபில்டர்; அது 486-இல் ஹைட்ரஜன் பீட்டாவையும் சேர்த்து விடும். கேலக்ஸிக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கும் எதுவும் வேண்டாம்.

ஜவ்வாது_வானம்:
200/800 இருந்தால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். என் கட்சி விட்டத்துக்குத்தான், பெட்டிக்கு அல்ல. கேமராவுக்காக அதன் ஃபோகஸ் தளம் வெளியே தள்ளி வைத்திருக்கும். ஐபீஸுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் போடாவிட்டால் ஃபோகஸ் எட்டாது. பலவற்றில் பெட்டியிலேயே வரும், தேடிப் பாருங்கள். 32 மி.மீ. ஐபீஸ் வேண்டாம்: எஃப்/4-இல் எக்ஸிட் பியூப்பில் 8 மி.மீ., பெரும்பாலான கண்களின் பாப்பா அவ்வளவு விரியாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ.தான், அவர்கள் 20 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம். சாதாரண ப்ளாஸல் ஐபீஸ் எஃப்/4-இல் ஓரத்தைக் கலைத்துவிடும். படத்துக்கு வைத்திருக்கும் கோமா கரெக்டரை (ஓரத்து நட்சத்திரங்கள் வால்போல் நீள்வதைத் திருத்தும் லென்ஸ்) உரிய இடைவெளியோடு இங்கும் பயன்படுத்தலாம். இரண்டாம் கண்ணாடி 70 மி.மீ. அளவில் இருக்கும், விட்டத்தில் 35 சதவீதம். வியாழனின் பட்டைகளில் மாறுபாடு கொஞ்சம் குறையும். அதை ஈக்குவட்டோரியலில் வைத்தால் ஐபீஸ் விநோதமான பக்கமெல்லாம் திரும்பும், ரிங்கைத் தளர்த்தி டியூபைச் சுழற்ற வேண்டிவரும். அதனால் ஒட்டுப்பலகையில் ராக்கர் பெட்டி (டாப்சோனியனின் அடிப்பெட்டி) ஒன்று தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடியில் ஈரம் படியும், அது விலக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். துணியால் துடைத்தால் பூச்சு கீறும்.