மொட்டைமாடி டாக் ஷோவில் முதல் விருந்தினர் யார்?

குழு: தங்கச்சிமடம் வீடு
புதன்கிழமை

நான் (இரவு 11:12)
ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். மே மாதம் அப்பத்தாவுக்கு 80 நிறைகிறது. அப்போது எல்லாரும் கரையில்தான் இருப்போம். அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் ஒரு டாக் ஷோ நடத்தலாமா? மேசை, சோபா, விருந்தினர், நடுநடுவே சின்ன நகைச்சுவை நாடகம், அமெரிக்க டிவியில் ராத்திரி போடுகிற மாதிரி. படகு போயிருக்கிற நாளில் யாரும் சீக்கிரம் தூங்க மாட்டீர்கள் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

பாம்பன் அத்தை (11:14)
தூக்கம் எங்கே வருகிறது அய்யா. காற்று கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. டாக் ஷோ என்றால் பட்டிமன்றமா?

குட்டி (11:15)
இல்லை அத்தை. அண்ணன் மேசைக்குப் பின்னால் உட்காரும். நீங்கள் பக்கத்து சோபாவில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். எல்லாரும் கை தட்டுவோம்.

பெரியப்பா (11:19)
நல்ல யோசனை. ராத்திரி டிவி இந்தக் கரைக்குப் புதிதல்ல. இலங்கையில் 1982-இல் ரூபவாகினி டிவி வந்தது. இங்கே தூர்தர்ஷன் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்த காலம். இரும்புக் குழாய் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்புவோம், படம் பளிச்சென்று வரும். இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டிவி கோபுரம் எழும்பியது 90-களில்தான். அதற்கும் முன்னால் இலங்கை வானொலி. நிகழ்ச்சி நடத்துகிறவர் என்றால் எனக்கு அப்துல் ஹமீதுதான். அந்தத் தமிழை இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன்.

நியூ ஜெர்சி அக்கா (11:24)
எல்லாருக்கும் வணக்கம், இங்கே மதியம் இரண்டு மணி. தம்பி, இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுவேன். டுநைட் ஷோ என்று ஒன்று 1954 செப்டம்பரில் தொடங்கி இன்னும் ஓடுகிறது. அதை ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை 30 வருடம் நடத்தினார். இப்போது ஜிம்மி ஃபாலன். நான் ஒரு முறை பதிவுக்குப் போனேன். டிக்கெட் இலவசம், வரிசைதான் நீளம். இரவு 11:35-க்கு வருவதைச் சாயங்காலம் 5 மணி வாக்கிலேயே எடுத்துவிடுகிறார்கள். டிவியில் பெரிய மண்டபம் மாதிரி தெரிகிற இடம் நேரில் சின்னது. பதிவுக்கு முன்னால் ஒருவர் வந்து கூட்டத்தைச் சிரிக்கப் பழக்குகிறார்.

பாம்பன் அத்தை (11:26)
அவ்வளவு பெரிய நடிகர்கள் எதற்காக வந்து உட்காருகிறார்கள்? பணம் நிறையக் கொடுப்பார்களோ?

நியூ ஜெர்சி அக்கா (11:29)
பெரிதாக ஒன்றும் இல்லை அத்தை, நடிகர் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலிதான். புதுப் படம் வரும், அதைச் சொல்ல வருவார்கள். ஆனால் படத்தைப் பற்றியே பேசினால் யார் பார்ப்பார்கள்? அதனால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் சில நாள் முன்பே நடிகருக்குப் போன் போட்டு, சமீபத்தில் வீட்டில் என்ன நடந்தது, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பேச்சுக் கொடுத்து நாலைந்து கதை வாங்கிக்கொள்வார். அதிலிருந்துதான் மேசைக்காரர் கையில் இருக்கும் அட்டைகள் எழுதப்படுகின்றன. ஒன்றும் தெரியாத மாதிரி அவர் கேட்பார், விருந்தினர் அப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி சொல்வார்.

குட்டி (11:30)
அப்போ எல்லாம் நடிப்பா அக்கா?

நியூ ஜெர்சி அக்கா (11:32)
நடிப்பு இல்லை குட்டி. வருகிறவருக்கு நாக்கு வறண்டு போகக் கூடாது என்கிற அக்கறை. நீ கல்யாண வீட்டுக்கு யாரையாவது கூப்பிட்டால் இலை போட்டு வைக்க மாட்டாயா? அதைப் போலத்தான்.

மண்டபம் மச்சான் (11:34)
விருந்தினர் பகுதி இருக்கட்டும். காமெடிதான் முக்கியம். நான் ஒன்று யோசித்துவிட்டேன். சின்ன மாமா வயர்லெஸ்ஸில் பேசுவதை அப்படியே நடித்துக்காட்டுகிறேன். மாமா இழுக்கிற இழுப்புக்கு மாடியே அதிரும்.

குட்டி (11:34)
😟

(11:35 முதல் 11:43 வரை யாரும் எழுதவில்லை.)

சித்தி (11:43)
எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு விழாவில் இவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் பிடித்தவர், இவர் திக்கித் திக்கிச் சொன்னதை அதே மாதிரி இவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அதிலிருந்து எந்த மேடைப் பக்கமும் போவதில்லை. இந்தக் குழுவில்கூட ஒரு நாளும் குரல் அனுப்பியதில்லை, எழுத்து மட்டும்தான், கவனித்திருக்கிறீர்களா?

பாம்பன் அத்தை (11:45)
என் தம்பி நாலு வயதிலிருந்தே அப்படித்தான். இந்த விழா விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

சித்தி (11:46)
சொல்ல வேண்டாம் என்றார் மதினி.

மண்டபம் மச்சான் (11:47)
(11:34-இல் எழுதிய செய்தியை நீக்கிவிட்டார்.)

மண்டபம் மச்சான் (11:48)
மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை. எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் எழுதியிருக்கக் கூடாது.

நான் (11:53)
மச்சான் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இது தெளிவாக வேண்டும். அமெரிக்காவில் ஜிம்மி கிம்மெல் என்பவரின் ராத்திரி நிகழ்ச்சியில் 2012-இல் ஒரு பகுதி தொடங்கினார்கள். நடிகர்களைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரில் எழுதிய வசவுகளை அந்த நடிகர்களே கேமராவைப் பார்த்துப் படிப்பார்கள். வசவு கடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்க்க முடிகிறது. ஏனென்றால் படிக்க வந்தது அவர்கள் விருப்பம், வாய் அவர்களுடையது. படித்து முடித்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள், சிரிப்பு அவர்கள் பக்கம் வந்துவிடும். விழாவில் சித்தப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவர் கைக்கு வரவே இல்லை.

நியூ ஜெர்சி அக்கா (11:57)
சரியாகச் சொன்னாய். கார்சனைப் பற்றி இங்கே பெரியவர்கள் இப்போதும் சொல்வது ஒன்று உண்டு. விருந்தினர் நன்றாகப் பேசினால் அவர் குறுக்கே வர மாட்டார். சிரிப்பை அவருக்கே விட்டுவிடுவார். தன் நகைச்சுவை எடுபடாமல் போனால் மட்டும் தன்னையே கிண்டல் செய்து சமாளிப்பார்.
இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2005-இல் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு ஐஸ்வர்யா ராய் வந்தார். இன்னும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறீர்களாமே, இந்தியாவில் அது சாதாரணமா என்று லெட்டர்மேன் கேட்டார். கேள்வியில் ஒரு முள் இருந்தது. சாதாரணம்தான், எங்கள் ஊரில் பெற்றோரோடு சாப்பிட முன்கூட்டி நேரம் வாங்க வேண்டியதில்லை என்ற மாதிரி பதில் சொன்னார். அரங்கமே கை தட்டியது. லெட்டர்மேனும் அந்தக் கைதட்டலை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

பாம்பன் அத்தை (11:59)
நல்ல பதில். இதை நீ போன வருடம் ஊருக்கு வராததற்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

நியூ ஜெர்சி அக்கா (12:00)
மே மாதம் கட்டாயம் வருகிறேன் அத்தை. விடுப்புக் கேட்டுவிட்டேன்.

பெரியப்பா (12:03)
மகளே, டிக்கெட் போட்டதும் எனக்கு முதலில் சொல்.
சரி, ஆளைக் காயப்படுத்தாத நகைச்சுவைக்கு வழி சொல்லுங்கள்.

குட்டி (12:04)
லெட்டர்மேன் 1984-இல் உடம்பு முழுக்க வெல்க்ரோ உடை போட்டுக்கொண்டு குதித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கினார். அண்ணன் வீடியோ காட்டியது. அதைச் செய்யலாம்!

சித்தி (12:04)
மாடியில் யாரும் குதிக்கக் கூடாது.

நியூ ஜெர்சி அக்கா (12:08)
கார்சன் ஒரு வேடம் போடுவார், கார்னாக் என்று பெயர். ஒட்டிய உறையை நெற்றியில் வைத்து முதலில் விடையைச் சொல்வார். அப்புறம் உறையைக் கிழித்து உள்ளே இருக்கும் கேள்வியைப் படிப்பார். விடை சாதாரணமாக இருக்கும், கேள்விதான் தூக்கிப்போடும். ஒரு குறை மட்டும் உண்டு. பெரிய தலைப்பாகை கட்டிக் கீழ்நாட்டுச் சாமியார் என்று வருவார். நம்மைப் போன்றவர்களை வேடமாக வைத்த சிரிப்பு அது. அதை நாம் எடுக்க வேண்டாம். விடை முதலில், கேள்வி பிறகு என்கிற அமைப்பு மட்டும் போதும்.

பாம்பன் அத்தை (12:10)
தலைப்பாகை எதற்கு? நம்மிடம் கிளி ஜோசியம் இருக்கிறதே. கிளி சீட்டை எடுக்கட்டும், சீட்டில் விடை இருக்கட்டும்.

நான் (12:10)
அத்தை!!! 👏👏

குட்டி (12:11)
நான்தான் கிளி.

மண்டபம் மச்சான் (12:15)
நான் எழுதித் தருகிறேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
விடை: 61 நாள். கேள்வி: தடைக்காலத்தில் மாமா எத்தனை நாளைக்கு அத்தையின் குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பார்?
விடை: 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. கேள்வி: அம்மாச்சி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தால் என்ன ஏறிவிட்டது என்று அர்த்தம்?

சித்தி (12:16)
சட்டியைத் திறப்பது உண்மை. அதை அவரே ரசிப்பார். இருந்தாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பாம்பன் அத்தை (12:17)
அம்மா பக்கத்தில்தான் முழித்துக்கொண்டிருக்கிறார். படித்துக்காட்டினேன். கண்ணாடியைத் துடைக்கிறார்.

நான் (12:18)
😂 அப்படியானால் அனுமதி கிடைத்ததா அத்தை?

பாம்பன் அத்தை (12:19)
கிடைத்தது. போடட்டும் என்கிறார்.

நியூ ஜெர்சி அக்கா (12:23)
எழுதுகிறவர் ஒருவர் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. 2023 மே 2-இல் இங்கே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ராத்திரி நிகழ்ச்சிகள்தான் முதலில் நின்றன, பழையதைத் திரும்பப் போட்டார்கள். அன்றன்றைக்குச் செய்தியைப் பார்த்து எழுதுகிற நகைச்சுவை அல்லவா, எழுதுகிற கை நின்றால் மேசைக்காரர் வாயும் நின்றுவிடும். செப்டம்பர் கடைசி வரைக்கும் அப்படித்தான். மேசையில் இருக்கிறவரை உலகம் அறியும், எழுதியவர்களை யாருக்கும் தெரியாது. நம் நிகழ்ச்சியில் மச்சான் பெயரைக் கடைசியில் சொல்லிவிட வேண்டும்.

நான் (12:26)
சொல்கிறேன். இப்போது விருந்தினர். முதலில் அப்பத்தா. குருசடைத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போன கதையைக் கேட்கப்போகிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் மூழ்குவார்களே, அது குட்டிக்குத் தெரியாது. கார்சன் காலத்தில் அடுத்த விருந்தினர் வந்தால் முதலில் வந்தவர் எழுந்து போக மாட்டார், சோபாவில் நகர்ந்து உட்காருவார். அப்பத்தாவும் கடைசி வரை சோபாவிலேயே இருப்பார்.

பாம்பன் அத்தை (12:28)
சோபா வேண்டாமாம். தன் மர நாற்காலியைத் தூக்கி வரச் சொல்கிறார். எட்டு மணிக்குத் தொடங்கினால் வருவாராம், பதினொன்றரைக்கு என்றால் அமெரிக்காக்காரனையே கூப்பிட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

பெரியப்பா (12:30)
எட்டு மணி. முடிவு.

நான் (12:34)
இரண்டாவது விருந்தினராகச் சித்தப்பாவைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன் சித்தி. ஆவுளியா கதைக்காக. நாட்டுப்படகில் போன காலத்தில் கடல்பசு வலையில் சிக்கியதும், சித்தப்பா வலையை அறுத்து அதை விட்டதும் எனக்குப் பாதிதான் தெரியும். கேமரா இருக்காது. நான் பேச்சை எடுத்துக் கொடுக்க மாட்டேன், எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம், திரும்பக் கேட்க மாட்டேன்.

சித்தி (12:37)
என்னால் சொல்ல முடியாது தம்பி. கரைக்கு வந்ததும் அவரே படிக்கட்டும். ஒன்று மட்டும். அவர் பேசும்போது சொல் நின்றுவிட்டால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அதுதான் அவருக்கு ரொம்ப வலிக்கும்.

நியூ ஜெர்சி அக்கா (12:39)
புரிந்தது சித்தி. தூங்குங்கள். காற்று குறைந்ததா?

பாம்பன் அத்தை (12:40)
இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை

சித்தப்பா (அதிகாலை 5:21)
சிக்னல் வந்துவிட்டது. கரைக்கு ஒரு மணி நேரம். பாடு சுமார், இறால் கொஞ்சம், கணவாய் கொஞ்சம். ராத்திரி எழுதியது எல்லாவற்றையும் படித்தேன்.

சித்தி (5:22)
டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன்.

மண்டபம் மச்சான் (5:24)
மாமா, நேற்று உங்களைப் பற்றி ஒன்று எழுதி அழித்துவிட்டேன். தப்பு செய்தேன்.

சித்தப்பா (5:26)
என்னவென்று ஊகித்தேன் மருமகனே. கூண்டு ஜோக் நன்றாக இருக்கிறது. சட்டி ஜோக்கையும் போட்டுக்கொள்.

சித்தப்பா (5:33)
🎤 குரல் செய்தி 3:12

பாம்பன் அத்தை (5:38)
முழுக்கக் கேட்டேன் தம்பி. அம்மாவும் கேட்டார்.

நான் (5:40)
சித்தப்பா, அறுத்துவிட்ட பிறகு அது ஒரு முறை திரும்பி வந்து படகைச் சுற்றியது என்று இரண்டாவது நிமிடத்தில் சொல்கிறீர்களே, அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. என் அட்டையில் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டேன். "அப்புறம்?"

சித்தப்பா (5:41)
போதும். மீதியை மாடியில் சொல்கிறேன்.

குட்டி (5:52)
இப்போதுதான் எழுந்தேன். என்ன நடந்தது? எல்லாரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் முழித்திருக்கிறீர்கள்?