மொசாம்பிக் கொடியில் துப்பாக்கி: பையனுக்கு என்ன சொல்வது?

கயல் (கேள்வி):
கணவரின் வேலைக்காக மொசாம்பிக் தலைநகர் மாபுட்டோ வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜூன் 25 சுதந்திர தினத்துக்காக வகுப்பில் கொடி வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். மகனுக்கு ஒன்பது வயது. பச்சை, கறுப்பு, மஞ்சள் பட்டைகள், சிவப்பு முக்கோணம், நட்சத்திரம், புத்தகம், மண்வெட்டி எல்லாம் போட்டுவிட்டான். துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். "இது யாரைச் சுடுறதுக்கும்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். அவர் சோஃபாலா மாகாணத்துக்காரர், எப்போதும் அன்பாகப் பேசுபவர். கொடி என்றதும் முகம் மாறிவிட்டது, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். தவறாக எதையாவது கேட்டுவிட்டேனா?

வெண்மணி:
நிறங்களின் பொருள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பச்சை மண்ணின் வளம், மஞ்சள் மண்ணுக்கு அடியில் உள்ள வளம், கறுப்பு ஆப்பிரிக்கக் கண்டம், வெள்ளை போராட்டத்தின் நியாயமும் அமைதியும், சிவப்பு காலனி ஆட்சிக்கு எதிரான போராட்டம். புத்தகம் என்றால் படிப்பு, மண்வெட்டி என்றால் உற்பத்தி, துப்பாக்கி என்றால் பாதுகாப்பு. பையனுக்கு இது போதும்.

பெய்ராவாசி:
சகோதரி, தவறாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் சோஃபாலாக்காரரிடம் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் விஷயம். நான் சோஃபாலாவின் தலைநகர் பெய்ராவில் 14 வருடம் இருந்தேன். அந்த ஊரில் இந்தக் கொடியைப் பற்றி மனம் திறந்து பேச ஆட்களுக்கு வெகுநாள் பழக்கம் வேண்டும்.

வெண்மணி சொன்னது சட்டத்தில் உள்ள பொருள். அதற்குக் கீழே ஒரு கதை இருக்கிறது. பச்சை, கறுப்பு, மஞ்சள், நடுவில் வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் சிவப்பு முக்கோணம்: இது போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிட்ட ஃப்ரெலிமோ இயக்கத்தின் கொடி. 1975இல் சுதந்திரம் வந்தபோது வேறு அமைப்பில் ஒரு கொடி பறந்தது. 1983இல், ஃப்ரெலிமோ மட்டுமே கட்சியாக இருந்த காலத்தில், இப்போதைய கொடி வந்தது. பயனெட் (முனைக் கத்தி) மாட்டிய ஏகே-47 துப்பாக்கியையும் மண்வெட்டியையும் குறுக்காக வைத்து, பின்னால் விரித்த புத்தகம்.

அந்த 1983இல் நாட்டுக்குள்ளேயே போர் நடந்துகொண்டிருந்தது. ஃப்ரெலிமோ அரசு ஒரு பக்கம், அதை எதிர்த்த ரெனாமோ என்ற ஆயுதக் குழு மறுபக்கம். ரெனாமோவுக்கு முதலில் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) பிறகு தென்னாப்பிரிக்காவும் பின்பலம். சோஃபாலாவின் கொரொங்கோசா காடுதான் ரெனாமோவின் கோட்டை. இரு தரப்பும் சாதாரண ஜனங்களை வதைத்தன. 1992 அக்டோபர் 4இல் ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை சுமார் 10 லட்சம் பேர் மாண்டதாகச் சொல்வார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் இளைஞராக இருந்த காலம் அது. நாட்டின் பாதுகாப்புக்கான துப்பாக்கி என்று சட்டம் சொல்கிறது. அவர் கண்ணில் பட்டது எந்தத் துப்பாக்கியோ.

இதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. பல கட்சி ஆட்சி வந்தபின் 2002இல் தேசிய கீதத்தையே மாற்றினார்கள், பழைய பாட்டு ஃப்ரெலிமோவைப் புகழ்ந்ததால். கொடிக்கும் 2005இல் போட்டி வைத்தார்கள், 169 வடிவங்கள் வந்தன. துப்பாக்கியை எடுத்துவிட வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். கொடி மாறவில்லை. பாட்டு எல்லோருக்குமானது, கொடி மட்டும் ஜெயித்தவர்களுடையது என்று ஆகிவிட்டது.

பையனுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. 1995இல் ஆங்கிலிக்கன் பிஷப் தினிஸ் செங்குலானே முன்னின்று, கிறிஸ்தவ சபைகள் 'ஆயுதங்களை மண்வெட்டிகளாக்குவோம்' என்று ஒரு திட்டம் தொடங்கின. துப்பாக்கியைக் கொடுத்தால் மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின் கிடைக்கும். வாங்கிய துப்பாக்கிகளை வெட்டித் துண்டாக்கி, மாபுட்டோ கலைஞர்களிடம் சிற்பம் செய்யக் கொடுத்தார்கள். அப்படி கெஸ்டர் என்பவர் 2001இல் செய்த நாற்காலி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கொடியில் குறுக்காகக் கிடக்கிற அதே இரண்டு பொருள்கள்தான், துப்பாக்கியும் மண்வெட்டியும்.

அருள்மொழி:
பெய்ராவாசி ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் துப்பாக்கி இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். ஷிபாலோ என்ற கட்டாய உழைப்பு, வயிற்றுக்கு விளைவிக்க விடாமல் பருத்தி போடச் சொன்னது, இதெல்லாம் நடந்த மண். 1960 ஜூன் 16இல் வடக்கே முவேடா என்ற ஊரில் கூடி நின்ற ஜனங்களைப் போர்த்துக்கீசியர் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1964 செப்டம்பர் 25இல், ஃப்ரெலிமோ ஆயுதம் எடுத்தது. பத்து வருடம் போராடிக் கிடைத்த விடுதலை. அதைக் கொடியிலிருந்து அழித்தால், போர்த்துக்கீசியர் தாமாக மனமிரங்கிப் போனதுபோல் ஆகிவிடாதா?

பெய்ராவாசி:
அருள்மொழி, முவேடாவை யாரும் மறக்கக் கூடாது. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் முவேடா இருக்கிற அதே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரிலிருந்து மறுபடியும் துப்பாக்கிச் சத்தம். லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அங்கிருந்து மூட்டையோடு தெற்கே வந்த ஒரு குடும்பத்துக்கு, பள்ளிக்கூட வாசலில் பறக்கிற ஏகே-47 எதை நினைவூட்டும்? 1964ஐயா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு போரையும் அவனுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். நாற்காலி கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னான். அப்புறம் கொடியில் துப்பாக்கியையும் வரைந்தான், இது அவர்கள் கொடி, நான் மாற்றக் கூடாதில்லையா என்று. இன்னொரு தாளில் அந்த நாற்காலியையும் வரைந்திருக்கிறான். அதைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் காட்டலாமா என்று கேட்கிறான். காட்டச் சொல்லலாமா, பெய்ராவாசி ஐயா?

பெய்ராவாசி:
காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். அவர் பேச ஆரம்பித்தால் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருங்கள்.