மண் வீட்டில் கறையான் ஏறுகிறது, மருந்து அடிக்காமல் வழி உண்டா?

திசையன்விளைக்காரன்:
தாத்தா கட்டிய மண் வீடு, பனங்கை (கூரை தாங்கும் பனைமரச் சட்டம்) போட்டு ஓலை வேய்ந்தது. மூன்று வருஷம் பூட்டிக் கிடந்ததைச் சரிபண்ணி சித்திரையில் குடிவந்தோம். வடக்குச் சுவரில் தரையிலிருந்து பனங்கை வரைக்கும் விரல் தடிமனில் மண் கோடு ஏறியிருக்கிறது, சுரண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கறையான். ஜன்னல் மூலையில் மண்குளவிக் கூடு. கதவு நிலையில் கருவண்டு துளைபோட்டு, காலையில் பார்த்தால் வாசலில் மரத்தூள். மருந்து அடிக்க வந்தவர் சுவரடியெல்லாம் துளைபோட்டு ஊற்றணும் என்கிறார். பிள்ளைக்குப் பத்து மாதம், தரையில்தான் தவழ்கிறாள். பயமாக இருக்கிறது.

கடையம் கொத்தனார்:
தம்பி, கோட்டைச் சுரண்டினால் மட்டும் போதாது, அதற்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மண்ணிலிருந்து ஏறுகிற கறையான் ஈரமில்லாமல் பிழைக்காது, வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துபோகும் என்றுதான் அந்த மண்கூட்டைக் கட்டிக்கொண்டே மேலே போகிறது. சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா? விறகு, பழைய ஓலை அடுக்கியிருந்தால் இன்றைக்கே தள்ளி வையுங்கள். அப்புறம் பனங்கையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த கறுப்பு நாராக இருந்தால் கத்தி இறங்காது, கறையானும் லேசில் தொடாது. உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றைச் செதுக்காமல் ஏற்றிய பனங்கை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

சாத்தான்குளம் அக்கா:
எங்கள் ஆச்சி வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் கரிபடிந்து கன்னங்கரேலென்று இருக்கும், ஒரு பூச்சி இருக்காது. விறகடுப்புப் புகை தினமும் ஓலைக்குள் ஏறியது. கேஸ் அடுப்பு வந்தபிறகுதான் அதே வீட்டில் ஓலை உளுத்துக் கொட்ட ஆரம்பித்தது. உங்கள் வீடும் மூன்று வருஷம் புகை காணவில்லையே. சாயங்காலம் சட்டியில் வேப்பிலைப் புகை போடுங்கள், பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டு. ஓலைக்கூரை, தணலை விட்டு நகராதீர்கள்.

களக்காட்டு விவசாயி:
குளவியைக் கலைக்க வேண்டாம். மண்குளவி சும்மா வந்து கொட்டாது. ஒவ்வொரு அறையிலும் சிலந்தியையோ புழுவையோ திணித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கருவண்டு அகத்திக்கும் அவரைக்கும் காய் பிடிக்க உதவுகிறது, அதையும் கொல்லாதீர்கள். எண்ணெயோ வர்ணமோ பூசாத காய்ந்த மரம்தான் அதற்குப் பிடிக்கும். வண்டு வெளியேறியதும் துளையை அடைத்து நிலைக்கு எண்ணெய் பூசுங்கள், பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றைத் தோட்டத்தில் நட்டுவையுங்கள்.

திசையன்விளைக்காரன்:
அண்ணாச்சி, சொன்னது சரிதான். மாட்டுத்தொட்டி கசிந்து சுவரடி சேறாகக் கிடந்தது. தொட்டியை வேலியோரம் மாற்றிவிட்டேன். பனங்கையில் கத்தி இறங்கவில்லை, ஒன்றில் மட்டும் அரை அங்குலம் இறங்கியது. கோட்டை உடைத்து ஒன்பது நாள், புதிதாக ஏறவில்லை. மருந்துக்காரரை வரவேண்டாம் என்றுவிட்டேன். அக்கா, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலை மாற்றணும், புது ஓலைக்கும் இப்போதிருந்தே புகை போடலாமா?

சாத்தான்குளம் அக்கா:
நன்றாகக் காய்ந்தபிறகு போடுங்கள் தம்பி.