குன்றக்குடி அடிவாரத்தில் மூணு கம்பி வயலின்: என்ன கம்பி வாங்கிக் கொடுக்கலாம்?

காரைக்குடி டிராவல்ஸ்:

வணக்கம். பாட்டு விஷயம் தெரிஞ்சவங்க இங்க நெறையப் பேர் இருக்கீங்கன்னு நம்பிக் கேக்குறேன். நான் சொந்தமா ஒரு இன்னோவா ஓட்டுறேன். மெட்ராஸ்லேருந்தும் வெளிநாட்டுலேருந்தும் வர்றவங்களை ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டின்னு கூட்டிட்டுப் போறது பொழப்பு. சுத்திப் பாக்குறது அவங்க, மரத்தடியில காத்துக் கெடக்குறது நான்.

குன்றக்குடியில மலைப்படிக்குக் கொஞ்சம் தள்ளி, தேங்காய்க் கடையை ஒட்டி ஒரு பெரியவர் சாக்கு விரிச்சு உக்காந்து வயலின் வாசிக்கிறாரு. வேட்டி, கைவச்ச பனியன், தோள்ல துண்டு. முன்னாடி ஒரு எவர்சில்வர் தட்டு. அதுல எப்பப் பாத்தாலும் ரெண்டு மூணு நோட்டுதான் கெடக்கும். மிச்சத்தை எடுத்து மடியில வச்சுக்குவாரு. தட்டு நெறஞ்சிருந்தா யாரும் போட மாட்டாங்களாம், காலியா இருந்தா பாவம்னு ஒதுங்கிடுவாங்களாம். அவரே சொன்னது.

பழனிக்கு நடக்குற நகரத்தார் காவடி குன்றக்குடியில வந்து சேருற நேரம் அது. கூட்டத்துக்கு அவரு காவடிச் சிந்து வாசிச்சாரு. நின்னவங்க கால் தானா ஆடுச்சு. கூட்டம் கலைஞ்ச பெறகு வேற ஒண்ணு ஆரம்பிச்சாரு. பாட்டுன்னு சொல்ல முடியாது, தாளமும் இல்ல. தூளி ஆட்டுற மாதிரி போறதும் வர்றதுமா இருந்துச்சு. நான் கூட்டிட்டு வந்த மயிலாப்பூர் அம்மா, வெயில்னு கூடப் பாக்காம அங்கேயே நின்னுட்டாங்க. வண்டில ஏ.சி. போட்டு வச்சிருக்கேன்னு சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. “இது சாதாரணக் கை இல்லப்பா”ன்னு மட்டும் சொன்னாங்க.

கிட்டப் போய்ப் பாத்தா வயலின்ல மூணு கம்பிதான் இருக்கு. கேட்டா, “மொதக் கம்பி அறுந்து நாளாச்சு, அதுக்கென்ன, இதுலயே மேல போயி வாசிச்சுக்கலாம்”ங்கிறாரு.

நான் கேக்குறது இதுதான். என்ன கம்பி வாங்கணும்? மதுரை, திருச்சி ஏர்போர்ட் சவாரி அடிக்கடி வரும், அங்க வாங்கிடுவேன். அப்பறம் அந்தத் தூளி மாதிரி வாசிச்சது என்ன ராகம்? இன்னொண்ணு: சினிமாவுல நின்னுக்கிட்டு தாடையில இடுக்கித்தானே வாசிக்கிறாங்க, இவரு ஏன் வயலின் தலையைக் காலு மேல வச்சிருக்காரு? மயிலாப்பூர் அம்மாகிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு.

பள்ளத்தூரான்:

ஆன்லைன்ல ஒரு செட்டு தட்டி விடுங்கண்ணே, மலிவாக் கெடைக்கும். ஆனா ரொம்ப உருகாதீங்க. கல்யாண ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சுட்டு வாய்ப்பில்லாம உக்காந்திருப்பாரு. காரைக்குடின்னா வீணைதான். வயலினுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கானாடுகாத்தான் 1952:

பள்ளத்தூர்த் தம்பி, குன்றக்குடியை வச்சுக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேக்கலாமா? குன்னக்குடி வைத்தியநாதன் எந்த ஊர்னு நெனச்சீங்க? 1935-ல் பிறந்தவர், அப்பாகிட்டயே பாடம் கேட்டவர். நெத்தி நெறைய விபூதியும் பெரிய குங்குமமுமா அவர் உக்காந்தா, சங்கீதம் தெரியாத சனமும் எழுந்திரிக்காது. வயலினைப் பேச வைக்கிறார்னு ஒரு கூட்டம் கொண்டாடும், வித்தை காட்டுறார்னு இன்னொரு கூட்டம் முணுமுணுக்கும். நான் முதல் கூட்டம்.

வீணைன்னு சொன்னதும் சரிதான். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள். மூத்தவர் வீணையைச் செங்குத்தா நிமிர்த்திப் பிடிச்சு வாசிப்பார், இளையவர் எல்லாரையும் போலக் கிடத்தி வாசிப்பார். சாம்பசிவ ஐயருக்கு 1952-ல் மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம். நான் பிறந்த வருஷம்கிறதால மறக்காது. ஆனா அவங்களும் புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து வந்தவங்கதான். இங்க ஆதரிக்க ஆள் இருந்துச்சு, தங்கினாங்க. ஊர்ப்பேர் அப்படி ஒட்டினதுதான்.

டிரைவர் தம்பி, பெரியவர் எந்த ஊர்க்காரர்னு விசாரிச்சீங்களா?

காரைக்குடி டிராவல்ஸ்:

விசாரிச்சேன் ஐயா. “நடக்குற தூரத்துலதான்”னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திட்டாரு. அதுக்கு மேல நோண்டல.

தேவகோட்டை வயலின் டீச்சர்:

தம்பி, நல்ல கேள்வி. கடைசிக் கேள்வியிலேருந்து வர்றேன்.

நம்ம கச்சேரியில தரையில சம்மணம் போட்டு உக்காந்து, வலது காலைக் கொஞ்சம் முன்னால நீட்டி, கணுக்கால் பக்கம் வயலின் தலையை வைப்போம். இன்னொரு முனை நெஞ்சுல, தோளை ஒட்டி ஊன்றியிருக்கும். ரெண்டு பக்கமும் வயலின் தானா நிக்கிறதால இடது கைக்கு அதைத் தாங்குற வேலை இல்லை. கம்பி மேல இஷ்டத்துக்கு வழுக்கலாம். கமகம் (ஸ்வரத்தை அசைச்சு இழைக்கிறது) வர்றது அந்தச் சுதந்திரத்துலதான். சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில வெள்ளைக்காரங்க வாசிச்ச இந்த வாத்தியத்தைக் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாடி எட்டயபுரம் சமஸ்தானத்துல வித்வானா இருந்தார். வாத்தியம் அங்கேயிருந்து வந்தாலும் உக்கார்ற விதம் நம்முடையது. உங்க பெரியவர் முறையாக் கத்தவர்னு இதுலயே பாதி தெரியுது.

கம்பி: கடையில ஜி, டி, ஏ, ஈ-ன்னு நாலு உறை இருக்கும். அறுந்தது ‘ஈ’, இருக்கிறதுலயே மெல்லிசு. நாம ச-ப-ச-ப-ன்னு, அதாவது ஷட்ஜம், பஞ்சமம்னு மாறி மாறிச் சேர்க்கிறோம்; மேல்நாட்டு அளவைவிடச் சுருதி நல்லாக் கீழே இருக்கும். அவர் எத்தனை கட்டைக்கு (எந்தச் சுருதி அளவுக்கு) வைக்கிறார்னு கேட்டுக்கோங்க. ரொம்பத் தாழ்ந்த சுருதின்னா மெல்லிசுக் கம்பி தொளதொளன்னு ஆயிடும், கொஞ்சம் தடிச்சது கேக்கணும். இன்னொண்ணு, கம்பியோட முனையில சிலதுல குண்டு இருக்கும், சிலதுல வளையம் இருக்கும். அவர் வயலினோட அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக் கடையில காட்டிடுங்க. மாத்தி வாங்கினா பொருந்தாது.

கம்பி ஏன் அறுந்ததுன்னும் பாருங்க. குதிரையில (கம்பியைத் தாங்கி நிக்கிற சின்ன மரத்துண்டு), மேல்முனைப் பள்ளத்துல கம்பி அறுத்து அறுத்து ஆழமாப் போயிருந்தா புதுசும் சீக்கிரம் போயிடும். பென்சில் கரியை அந்தப் பள்ளத்துல தேய்ச்சா வழுக்கிப் போகும்.

ராகம் கேக்காம சொல்ல மாட்டேன். தூளின்னா எல்லாரும் நீலாம்பரிம்பாங்க. அடுத்த முறை போன்ல பதிவு பண்ணிப் போடுங்க, அவரைக் கேட்டுட்டு.

காரைக்குடி டிராவல்ஸ்:

கேட்டுட்டுத்தான் எடுத்தேன் டீச்சர். முகம் வேண்டாம்னு சொன்னாரு, அதனால கை மட்டும். நாலு நிமிசம் இருக்கு, நடுவுல தேங்காய் ஒடைக்கிற சத்தம் வரும்.

தேவகோட்டை வயலின் டீச்சர்:

நேத்து ராத்திரி கேட்டேன், காலையில எழுந்து மறுபடியும் கேட்டேன்.

நீலாம்பரி இல்லை, ஆனந்தபைரவி. நீலாம்பரியில காந்தாரம் (‘க’ ஸ்வரம்) பெருசு, அதாவது கொஞ்சம் உசரம், சங்கராபரணத்துல வர்ற அந்தர காந்தாரம். இவர் பிடிக்கிறது சின்னது, சாதாரண காந்தாரம். ஸ-க-ரி-க-ம-ன்னு காந்தாரத்தைத் தொட்டுட்டு ரிஷபத்துக்குத் திரும்பி மறுபடி ஏறுறார், கேளுங்க. உங்களுக்குத் தூளி ஆடினது அந்த இடம்தான். இதுவும் தாலாட்டுக்கு எடுத்துக்கிற ராகம்தான், நீங்க சொன்னதுல தப்பில்லை.

பள்ளத்தூர்த் தம்பிக்கு ஒண்ணு. காவடிச் சிந்து செஞ்சுருட்டி ராகத்துல இருந்தா, அது மேல் ஷட்ஜம் (மேல் ‘ஸ’) வரைக்கும் ஏறாது, அதுக்கு முந்தின நிஷாதத்தோட (‘நி’) திரும்பிடும். மூணு கம்பியில சமாளிக்கலாம். கூட்டத்துக்கு அதை வாசிக்கிறது தெரிஞ்சு செய்யிற வேலை. ஆனந்தபைரவிக்கு மேல் ஷட்ஜம் வேணும், அதுக்கு மேலயும் வேணும். அறுந்த ‘ஈ’, அதாவது மேல் பஞ்சமக் கம்பி, இல்லாதவர் அதை ஷட்ஜக் கம்பியிலயே பிடிக்கணும். கம்பியோட நீளத்துல சரியாப் பாதி தூரம் போனாத்தான் மேல் ஷட்ஜம். அங்க ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி பாதியாக் குறுகிடும், விரல் மேல விரல் ஏறும். ஒரு நூல் விலகினாலும் அபஸ்வரம். மூணாவது நிமிஷத்துல அங்கேயிருந்து மேல் காந்தாரம் வரைக்கும் போய் அசைச்சு நிறுத்துறார். தேங்காய் உடையிற சத்தத்துலயும் தடுமாறலை. எனக்கு நாலு கம்பி இருந்தும் தினம் அது வராது. ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சிருந்தாலும் வாசிச்சிருக்கட்டும், அது குறைச்சலா என்ன?

பள்ளத்தூரான்:

சரி டீச்சர். கேட்டேன். வாயை மூடிக்கிறேன்.

கானாடுகாத்தான் 1952:

வைகாசியில என் தம்பிக்கு மணிவிழா, எங்க வீட்டுலதான். அவரைக் கூப்பிடலாம்னு இருக்கேன். பட்டாலைக் கூடத்துல ஜமுக்காளம் விரிச்சு உக்கார வச்சா மைக்கே வேண்டாம், கட்டடம் பாத்துக்கும். தட்டுல போடுற மாதிரி இல்லாம, முன்கூட்டியே தொகை பேசி, வெத்தலை பாக்கு, பழம், வேட்டி வச்சுத் தாம்பூலத்தோட கொடுக்கணும். போக வர வண்டி நம்ம டிரைவர் தம்பியுது. கேட்டுச் சொல்லுங்க தம்பி. “ஏதாச்சும் வாசிங்க”ன்னு சொல்லிடாதீங்க. நாங்க ஒரு மணி நேரம் உக்காந்து கேக்கப் போறோம்னு சொல்லுங்க.

காரைக்குடி டிராவல்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. திருச்சியில ஒரு கடையில முழு செட்டு வாங்கிட்டேன், போட்டோ காட்டி, குண்டு வச்சது. ஒன்றரைக் கட்டைன்னு சொன்னாரு, அதையும் கடையில சொன்னேன்.

கொண்டு போய்க் குடுத்தா, உறையை ஒவ்வொண்ணா வெயில்ல தூக்கிப் பாத்தாரு. ‘ஈ’யை மட்டும் எடுத்துக்கிட்டாரு. “மத்த மூணும் என்கிட்ட நல்லாத்தான் இருக்கு, இதைக் கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க”ன்னுட்டாரு. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல. பென்சில் நான்தான் கொண்டு போனேன், அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அவரு மடியில ஏற்கெனவே ஒரு துண்டுப் பென்சில் இருக்கு. கம்பி மாட்டிச் சுருதி சேத்துட்டு, “ரெண்டு நாளைக்கு இது எறங்கிக்கிட்டே இருக்கும், அப்பறம் வாங்க”ன்னு அனுப்பிட்டாரு.

ஐயா, மணிவிழா சங்கதி சொன்னேன். தேதி கேட்டாரு. மிருதங்கம் உண்டான்னு கேட்டாரு. தொகையை அவரு சொல்லல, நீங்களே பேசிக்கோங்க. ஞாயித்துக்கெழமை காலையில அங்கதான் இருப்பாராம்.

கடைக்காரர் பிரிச்ச செட்டை எடுத்துக்க மாட்டேங்கிறாரு. யாருக்காச்சும் ஜி, டி, ஏ வேணுமா?

தேவகோட்டை வயலின் டீச்சர்:

என் மாணவி ஒருத்திக்கு ‘ஏ’யும் ‘டி’யும் வேணும், ‘ஜி’யை நான் எடுத்துக்கிறேன். வாங்கின விலையைச் சொல்லுங்க. தேவகோட்டைப் பக்கம் சவாரி வரும்போது கொண்டு வாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல வகுப்பு நடக்கும். ஐயா, மிருதங்கத்துக்கு ஆள் தேவைன்னா எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், அடக்கி வாசிப்பான்.

கானாடுகாத்தான் 1952:

அடக்கி வாசிக்கிறவன்னா அனுப்புங்கம்மா. ஞாயிறு நானே குன்றக்குடி போறேன்.