எஃப்.எல்.3 உரிமம் மறுப்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஊராட்சி எல்லையில் லாட்ஜும் ஓட்டலும் நடத்துகிறோம். பாருக்கு எஃப்.எல்.3 உரிமம் (ஓட்டல் பாரில் மது பரிமாற அரசு தரும் உரிமம்) கேட்டோம். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதாம், இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். சர்வேயர் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் சங்கிலியை வைத்து அளந்தார், 340 மீட்டர். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பே அப்படித்தான் அளக்கச் சொல்கிறது, அதில் சண்டையில்லை.

ஆனால் நகராட்சிக்குள் இந்தத் தடை இல்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நன்கு வளர்ந்த ஊராட்சிக்கும் அந்த விலக்கைத் தரலாமா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்றது 2018-இல். எங்களைச் சுற்றிப் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், மாங்கூழ் ஃபேக்டரி எல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு வந்த மறுப்பு ஆணையில் இந்த விலக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. (பேசாமல் மாம்பழ ஜூஸ் போட்டு விற்கச் சொல்கிறார் மாமா, அது வேறு கதை.)

உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு ஆணையை எதிர்க்கும் மனு) போடும் முன் மேல்முறையீடு செய்தே ஆக வேண்டுமா? இப்படி வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.